கோலை மட்டும் எண்ணாதீங்க!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், கல்லூரி ஹாக்கி அணியின் ஸ்கோரர்)



இந்த மலரில் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று லேத் மெஷின். இன்னொன்று நம்ம ஹாக்கி டீமின் ஸ்கோர் நோட்டு. நான் ஆடுகிறவன் இல்லை. முதலாமாண்டு செலக்‌ஷனில் பி.டி. சார் என்னை இருபது நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கூப்பிட்டு, "தம்பி, உனக்குக் கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அன்றைக்குக் கைக்கு வந்த நோட்டு, மூன்று வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது.

அந்த நோட்டைப் பார்த்து நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். அது தப்பாகப் போனது. ஒருத்தனுடைய முழு வருஷத்தை அது தின்றுவிட்டது. "காலேஜ் லெவலில் நல்லா ஆடுகிற ஒருத்தன் மேலே போவானா, அதை வைத்துப் பிழைப்பானா? எப்படி எடை போடுவது?" என்று அதன் பிறகுதான் நான் பாடம் படித்தேன். கொஞ்சம் லேட்டாகப் படித்த அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

பெயர்கள் வேண்டாம், ஜெர்சி நம்பர் போதும். ஒன்பதாம் நம்பர் நம்ம சென்டர் ஃபார்வர்டு. பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக இரண்டாமாண்டில் சேர்ந்தவன். அந்த சீசனில் 11 மேட்சில் 19 கோல். கேன்டீனில் அவனிடம் டீக்குக் காசு வாங்கமாட்டார்கள். ஐந்தாம் நம்பர் சென்டர் ஹாஃப். என் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே ஒரே ஒரு பச்சை அட்டை. வேறொன்றும் இல்லை.

நாலாம் செமஸ்டர் போர்டு பிராக்டிகல் நடந்த அதே வாரம், சென்னையில் ஓர் அணிக்கு ஆள் எடுக்கும் டிரையல் வந்தது. ஒன்பதாம் நம்பர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, நோட்டைப் பாத்து நீயே சொல்லு. நான் போகலாமா?"

"பத்தொன்பது கோலுலே! உன்னை எடுக்காம வேற யாரை எடுப்பாங்க?" என்றேன்.

போனான். அங்கே எடுக்கவில்லை. அடுத்த கேம்ப்பில் எடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, அங்கேயே தங்கினான். அதிலும் எடுக்கவில்லை. அவன் ஊருக்குத் திரும்பியபோது ஐந்தாம் செமஸ்டர் பாதி போயிருந்தது. காண்டனேஷன் கட்டினாலும் ஈடுகட்ட முடியாத அளவுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. பிராக்டிகலில் இரண்டு அரியர் வேறு. அவன் அம்மா காலேஜுக்கு வந்து ஹெச்.ஓ.டி. ரூம் வாசலில் நின்றதைப் பார்த்தபோது, அந்த ஸ்கோர் நோட்டைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று இருந்தது எனக்கு.

அதே செமஸ்டரில் ஒரு பாலிடெக்னிக் டோர்னமென்ட். அலுவலக அணி ஒன்றின் கோச் வந்திருந்தார். ஒரு மேட்ச் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, பி.டி. சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த அஞ்சாம் நம்பர் எந்த வருஷம் படிக்கிறான்?"

எனக்குத் தாங்கவில்லை. டீ கொடுக்கிற சாக்கில் அவரிடமே போய், "சார், அவன் ஒரு கோல்கூடப் போட்டதில்லையே?" என்றேன். அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "எத்தனை பந்தை அவன் பிடுங்கினான்னு இதுல எழுதியிருக்கியா?" இல்லை என்றேன். "அப்ப இது பாதி நோட்டுதான் தம்பி."

கோல் எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது?

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்த 19 கோலைப் பிரித்துப் பார்த்தேன். 8 கோல், பதினொரு பேரைச் சேர்க்கவே திண்டாடிய இரண்டு அணிகளுக்கு எதிராக. 6 கோல், பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும். மிச்சம் 5 மட்டுமே நல்ல டிஃபன்ஸ் வைத்திருந்த அணிகளுக்கு எதிராக ஓடி ஆடிப் போட்டவை. பத்தொன்பது என்ற நம்பர் பொய் இல்லை. ஆனால் அது ஒன்பதாம் நம்பரைப் பற்றிச் சொன்னதைவிட, எதிரே நின்றவர்களைப் பற்றித்தான் அதிகம் சொன்னது.

ஹாக்கியின் விதியும் இதற்கு ஒரு காரணம். 14.63 மீட்டர் ஆரம் கொண்ட 'டி'க்குள் இருந்து அடித்தால்தான் கோல். 1996-ல் ஆஃப்சைடு விதியை எடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு ஃபார்வர்டு 'டி' முனையிலேயே நின்றுகொண்டு, மற்றவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பந்தைத் தட்டிவிடலாம். பலவீனமான அணிக்கு எதிராக இது அமோகமாக எடுபடும். ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு ஆடும் அணிக்கு எதிராக நடக்காது.

அடுத்தது வயசு. பத்தாம் வகுப்பு முடித்து வருகிற நம்ம பையனுக்கு 15, 16 வயது. பிளஸ் டூ முடித்து இரண்டாமாண்டில் சேருகிறவனுக்கு 17, 18. இந்த வயதில் இரண்டு வருஷம் என்பது ஒரு பெரிய மலை. சீக்கிரம் உடம்பு வளர்ந்தவன், வளராதவனைத் தோளால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். இரண்டு வருஷத்தில் மற்றவனும் வளர்ந்துவிடுவான். அப்போது முதலாமவனிடம் தோள் தவிர வேறு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சர்வதேச ஜூனியர் ஹாக்கி 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. 2025-ல் சென்னையிலும் மதுரையிலும் 24 நாடுகள் ஆடிய ஜூனியர் உலகக் கோப்பையில் களமிறங்கியவர்கள் நம்மைவிடப் பெரியவர்கள் அல்ல. கிட்டத்தட்ட நம்ம செட்! "இவன் இன்னும் சின்னப் பையன்" என்ற சமாதானம் சீக்கிரம் காலாவதியாகிவிடும்.

மண்ணும் டர்ஃபும்

நம்ம கிரவுண்டு சரள் மண். பந்து எங்கே விழுந்து எங்கே துள்ளும் என்று அதற்கே தெரியாது. அதனால் நாம் பந்தைக் கையோடு ஒட்டவைத்து, வளைத்து வளைத்துக் கொண்டுபோகப் பழகிவிட்டோம். பார்க்க அழகுதான். ஆனால் பெரிய ஹாக்கி முழுவதும் செயற்கைத் தரைக்கு மாறி அரை நூற்றாண்டு ஆகிறது. 1976 மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாக செயற்கைத் தரையில் நடந்தது. 1928 முதல் கலந்துகொண்ட ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா, அங்கே ஏழாவது இடத்துக்குப் போனது. கைவித்தை மறந்துபோகவில்லை நண்பர்களே. தரை மாறிவிட்டது, வேகம் மாறிவிட்டது.

அதனால் ஒருத்தனை எடை போடுமுன் ஒரு தடவையாவது டர்ஃபில் ஆடவிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பந்து சறுக்கிக்கொண்டு வரும். யோசிக்க நேரம் இருக்காது. மண்ணில் ராஜாவாக இருந்தவன் அங்கே திணறலாம். மண்ணில் சாதாரணமாகத் தெரிந்தவன் அங்கே பளிச்சென்று தெரியலாம். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், இன்னொருவர் அரியலூர் எஸ். கார்த்தி. இருவருமே கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி எடுத்தவர்கள். திறமை எந்த ஊரிலும் பிறக்கும். ஆனால் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அளந்து பார்க்கவே முடியும்.

ஆனால் ஒன்று. வசதி இல்லாதவன் என்பதற்காக யாரையும் கழித்துவிடக் கூடாது. புனே பக்கத்து கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, சின்ன வயதில் உடைந்த ஸ்டிக்கை ஒட்டிக் கட்டி ஆடியவர். பிறகு 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடினார்.

என் புது நோட்டில் ஐந்து கட்டங்கள்

கோச் சொன்ன 'பாதி நோட்டை' முழு நோட்டாக்க, பி.டி. சாரோடு உட்கார்ந்து ஐந்து கட்டம் போட்டேன். செலவு ஒன்றும் இல்லை. ஒரு பேனாவும், பொறுமையும், யாராவது ஒருத்தரின் செல்போன் வீடியோவும் போதும்.

முதல் கட்டம், டிராப். தன்னிடம் வரும் பத்து பந்தில் எத்தனையை ஸ்டிக் எட்டும் தூரத்துக்குள் நிறுத்துகிறான்? எதிராளி யாராக இருந்தாலும் இந்த எண்ணிக்கை ரொம்பப் பொய் சொல்லாது. நிறுத்தத் தெரியாதவனுக்கு மற்ற வித்தை எதுவும் உதவாது.

இரண்டாவது, தலை. பந்து வந்து சேருமுன் ஒரு தடவையாவது தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்க்கிறானா? பந்து வந்தபிறகு யோசிக்கிறவனிடமிருந்து எதிராளி பிடுங்கிவிடுவான். ஐந்தாம் நம்பர் பார்த்துவிட்டுத்தான் பந்தையே வாங்குவான். அதனால்தான் அவன் ஆட்டத்தில் பரபரப்பே தெரியாது. பரபரப்புத் தெரியாததால்தான் நாம் யாரும் கைதட்டவில்லை!

மூன்றாவது, பந்து போனபிறகு. ஒரு மேட்சில் ஒருத்தனின் ஸ்டிக்கில் பந்து இருக்கும் நேரம் ரொம்பச் சொற்பம். மிச்ச நேரமெல்லாம் என்ன செய்கிறான்? பந்தைப் பறிகொடுத்ததும் திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து அம்பயரைப் பார்க்கிறானா? பழைய வீடியோவில் ஒன்பதாம் நம்பரைப் பார்த்தேன். ஒரு தடவைகூட நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் வரவில்லை.

நாலாவது, கடைசி குவார்ட்டர். (சிரிக்காதீங்க, நான் சொல்வது ஆட்டத்தின் குவார்ட்டர்!) முன்பு 35 நிமிஷம் வீதம் இரண்டு பாதி. இப்போது பெரிய போட்டிகளில் 15 நிமிஷம் வீதம் நான்கு குவார்ட்டர். ஆட்களை மாற்றி மாற்றி இறக்கலாம் என்பதால் எல்லோரும் முழு வேகத்தில்தான் ஓடுவார்கள். முதல் குவார்ட்டரில் எல்லோரும் சிங்கம்தான். நாலாவதில் டிராப் கணக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். மைதானத்திலேயே 20 மீட்டர் கோடு போட்டு, பீப் சத்தத்துக்கு ஓடும் டெஸ்ட்டை மாதம் ஒருமுறை வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஐந்தாவது, தனி வித்தை. எல்லாம் சுமாராகத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். தேர்வாளர் தேடுவது "இது இவனிடம்தான் இருக்கு" என்று சொல்லக்கூடிய ஒன்றை. உதாரணம், டிராக் ஃப்ளிக். பெனால்டி கார்னரில் முதல் அடியை 'ஹிட்'டாக அடித்தால், பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆனால் ஸ்டிக்கில் இழுத்துச் சுண்டிவிடும் ஃப்ளிக்குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் நல்ல டிராக் ஃப்ளிக்கருக்கு அவ்வளவு மவுசு. கார்னரில் பந்தைச் சரியாகத் தள்ளிக் கொடுப்பதும் தனி வித்தைதான், முதல் ஆளாக ஓடிப்போய்த் தடுப்பதும் தனி வித்தைதான்.

எம்-ஐப் பாருங்கள், சி-யை அல்ல

இந்த ஐந்து கட்டத்தையும் ஒரு தடவை நிரப்பினால் வேலை முடிந்ததா? லேபில் ஒரே ரீடிங் எடுத்துவிட்டு அப்சர்வேஷன் நோட்டை நீட்டினால் சார் கையெழுத்துப் போடுவாரா? மாட்டார். இங்கேயும் அப்படித்தான்.

முதலாமாண்டு கணக்கில் படித்தோமே, நேர்கோட்டின் சமன்பாடு: ஒய் = எம்.எக்ஸ் + சி. இதில் சி என்பது இன்றைக்கு ஒருத்தன் நிற்கிற இடம். எம் என்பது சரிவு, அதாவது எவ்வளவு வேகமாக ஏறுகிறான் என்பது. நாங்கள் எல்லோரும் ஒன்பதாம் நம்பரின் சி-யைப் பார்த்து வாய் பிளந்தோம். கோச் ஐந்தாம் நம்பரைப் பார்த்ததோடு நிற்காமல், பி.டி. சாரிடம் "போன வருஷம் எப்படி ஆடினான்?" என்றும் விசாரித்தார். அவர் தேடியது எம்.

எம்-ஐக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு தப்பைச் சுட்டிக்காட்டுங்கள். அது அவன் ஆட்டத்தை விட்டுப் போக எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். "ரிவர்ஸ் பக்கம் வர்ற பந்தை விட்டுடுறே" என்று சொன்னால் ஒருத்தன் மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருப்பான். இன்னொருத்தன், "கிரவுண்டு சரியில்ல சார்" என்பான். யாருடைய கோடு மேலே ஏறும் என்று சொல்ல பெரிய நிபுணர் வேண்டியதில்லை.

ஆனால் இரண்டே புள்ளியை வைத்துக் கோட்டை வானம் வரை இழுத்துவிடாதீர்கள். அதுவும் தப்பு. சில ஆட்டக்காரர்கள் மெதுவாகத்தான் பழுப்பார்கள், முக்கியமாக கோல் கீப்பர்கள். கேரளத்தின் பி.ஆர். ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது ஓட்டக்காரர். அவரைக் கோல் போஸ்ட்டில் நிற்கச் சொன்னது ஒரு கோச்சின் கண். 2006-ல் இந்திய அணிக்கு வந்தார். ஒலிம்பிக் பதக்கம் கழுத்தில் ஏறியது 2021-ல், டோக்கியோவில். பதினைந்து வருஷம்! 2024 பாரிஸில் இன்னொரு வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார்.

பிழைப்புக் கணக்கு

இனி யாரும் மேடையில் சொல்லாத கணக்கு. ஒலிம்பிக் அணிக்கு 16 பேர். ஹாக்கி இந்தியா லீக் 2017-க்குப் பிறகு நின்றுபோய், 2024 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஏலத்தில் ஆண்களுக்கு 8 அணிகள். அணிக்குக் குறைந்தது 16 இந்தியர்கள், அதில் நாலு பேர் ஜூனியர்கள். எட்டுப் பதினாறு 128. அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று படி. ஹர்மன்ப்ரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார் என்று நாம் கேன்டீனில் பேசினோம். 2 லட்சம் படியில் பெயர் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமல் வீடு திரும்பியவனைப் பற்றி யாரும் பேசவில்லை. லீக் நடப்பதும் வருஷத்தில் சில வாரங்கள்தான்.

அதனால் நம்ம ஊரில் ஹாக்கியால் பிழைப்பது என்றால் பெரும்பாலும் வேலைதான். ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள், போலீஸ், ராணுவம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா. அதற்கும் விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருக்கிறது நண்பர்களே! அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஸ்டிக்கை மட்டும் காட்ட முடியாது.

டிரையலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். போகுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பொசிஷனுக்கு எத்தனை இடம் காலி? தேதி பரீட்சையோடு மோதுகிறதா? பி.டி. சாரிடம் கடிதமும் ஆன்-டியூட்டியும் வாங்கியாச்சா? ஐந்தாம் நம்பர் இந்த மூன்றையும் கேட்டான். டிப்ளமோ முடித்துவிட்டு ஜூனில் அந்த அணியோடு ஸ்டைபண்டில் சேரப் போகிறான். இன்னும் வேலை இல்லை, ஸ்டைபண்ட் மட்டும்தான். அவனும் ஜெயித்துவிட்டதாக இப்போதே எழுதினால், நான் பாடம் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது ஒன்பதாம் நம்பர்

பகலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். ஜூனில் திரும்ப ஐந்தாம் செமஸ்டரில் சேருகிறான். சாயங்காலம் கிரவுண்டுக்கு வருகிறான். முதல் நாள் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "என்னாலதாம்லே எல்லாம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்த அஞ்சு கட்டத்துலயும் என்னை எழுது. பொய் எழுதாத" என்றான்.

எழுதுகிறேன். ஜனவரியில் டிராப் பத்துக்கு ஐந்து. போன வாரம் பத்துக்கு ஏழு. பந்தைப் பறிகொடுத்தால் இப்போது நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி ஓடிவருகிறான், திட்டிக்கொண்டே. அவனுக்கு 20 ஆகப் போகிறது. ஜூனியர் கதவு மூட அதிக நாள் இல்லை. மேலே போவானா? தெரியாது. எம் மட்டும் இப்போது ஏறுகிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

போன வாரம் ஒரு டிரையல் அறிவிப்பைக் காட்டி, "ஏலே, போகலாமா?" என்று கேட்டான்.

"முதல்ல அரியர் பிராக்டிகல் என்னைக்குன்னு பாத்துட்டு வா" என்றேன். சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம்.

நண்பர்களே, மே மாதத்தோடு நான் கிளம்புகிறேன். நோட்டு பி.டி. ரூம் அலமாரியில், மேல் தட்டில் இருக்கும். முதலாமாண்டில் கையெழுத்து நல்லா இருக்கிற தம்பி யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கோலையும் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் மற்ற கட்டங்களைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.